மணிக்கூண்டின் மேற்குப் பக்கம்

‘வானத்தை நோக்கி மனிதன் எழுப்பும் ஒவ்வொரு கோபுரமும் உண்மையை நோக்கி அவன் எடுத்து வைக்கும் ஓர் அடி’ என்று கருங்கல்புதூர் மணிக்கூண்டின் அடியில் பதித்திருக்கும் கல்வெட்டு அறிவிக்கிறது. அதற்குக் கீழே, அந்த வாசகத்தைவிடப் பெரிய எழுத்தில், ‘உபயம்: தங்கசாமி, தலைவர், புராதனச் சின்னங்கள் பாதுகாப்புக் குழு’ என்று இருக்கிறது. அதற்கும் கீழே நகராட்சி சிவப்புப் பெயின்ட்டில் எழுதியிருப்பது, ‘இங்கே சிறுநீர் கழிக்காதீர்’. மூன்றில் கடைசி வரிக்கு மட்டும்தான் ஊர் ஓரளவாவது மதிப்புக் கொடுத்து வந்தது.

கருங்கல்புதூரில் இருக்கிற புராதனச் சின்னம் ஒன்றே ஒன்று. அதைப் பாதுகாக்கிற குழுவில் தலைவர் ஒருவர், துணைத் தலைவர்கள் ஏழு பேர். உறுப்பினர் என்று யாரும் இல்லை.

ஆனி மாதத்து ஞாயிற்றுக்கிழமை காலை. அந்தத் தலைவர் தன் பெயர் செதுக்கிய கல்லின் முன்னால் நின்று, இந்தப் பெயரை இங்கே வெட்டாமலே இருந்திருக்கலாமோ என்று வாழ்நாளில் முதல் தடவையாக யோசித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் பள்ளிபாளையத்துக் கைலாசம் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கல்வெட்டை எழுத்து எழுத்தாகப் படித்துக்கொண்டிருந்தார். கைலாசத்தின் மகள் சண்முகப்பிரியா கல்வெட்டைப் பார்க்கவில்லை. அண்ணாந்து மணிக்கூண்டின் உச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் அண்ணாந்து பார்த்த விதம்தான் தங்கசாமிக்குப் பிடிக்கவில்லை.

விஷயம் இதுதான். தங்கசாமியின் மகன் தமிழரசுக்கு வயது முப்பத்து மூன்று. படிப்புக்குக் குறையில்லை, குணத்துக்குக் குறையில்லை, தலையில் முடிகூட இன்னும் இருந்தது. ஆனால் ஜாதகம் எடுத்துக்கொண்டு போன இடத்திலெல்லாம் பேச்சு ஒரே இடத்தில் வந்து நின்றது. “கோழிப்பண்ணை ஊடுங்களா?” என்று கேட்பார்கள். அப்புறம் தண்ணீர் கொடுப்பார்கள். அப்புறம் வெயிலைப் பற்றிப் பேசுவார்கள். நாமக்கல் பக்கத்துப் பெண்களுக்கு முட்டை பிடிக்கும், முட்டை விற்ற காசில் கட்டின வீடு பிடிக்கும், முட்டை போடுகிற கோழி நானூறு அடி தூரத்தில் இருப்பது மட்டும் பிடிக்காது. ஈயும் நாற்றமும் வேண்டாம் என்பார்கள். அதில் தப்பும் சொல்ல முடியாது.

பெண் பார்த்துக் கொடுக்கும் பாவாயி இந்தத் தடவை கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். “அண்ணா, கைலாசண்ணன் ஊட்டுல தறி ஓடுது, நல்ல குடும்பம். ஆனா கோழின்னு ஒரு வார்த்தை வரப்படாது. தோப்பு இருக்குது, போர் போடற ரிக்கு வண்டி இருக்குது. அது போதும். ஆடி பொறந்துட்டா பேச்சு நின்னுரும். ஆவணிக்குள்ள பையனுக்கு ஒரு வயசு கூடிரும். பாத்துக்குங்க.”

தங்கசாமி பார்த்துக்கொண்டார். தோப்புக்கு அந்தப் பக்கம் நீளநீளமாக நான்கு கொட்டகைகள், அவற்றில் நாற்பதாயிரம் முட்டைக்கோழிகள். சாலையிலிருந்து பார்த்தால் தென்னை மறைக்கும். வீட்டிலிருந்து பார்த்தாலும் தென்னை மறைக்கும். ஆனிக் காற்றைத்தான் எதுவும் மறைக்காது. அதற்காக மேற்குப் பக்கத்து ஜன்னல்களை முதல் நாளே ஆணி அடித்து மூடினார்கள். அவர் மனைவி சென்னியம்மாள் விடியற்காலையிலிருந்து சாம்பிராணி போட்டதில் கூடத்தில் எதிரே உட்கார்ந்திருப்பவர் முகம் தெரியவில்லை. மாப்பிள்ளை வீடு பார்க்க வந்த பெண் வீட்டார் உள்ளே நுழைந்ததும் கைலாசத்தின் மனைவி கன்னத்தில் போட்டுக்கொண்டு, “பூசைங்களா?” என்று கேட்டாள். “தெனமும் இப்படித்தானுங்க” என்றாள் சென்னியம்மாள், இருமிக்கொண்டே.

தீவன லாரியைப் பைபாஸிலேயே நிறுத்தச் சொல்லியாயிற்று. பண்ணை ஆட்களுக்கு, விருந்தாளி போகிற வரைக்கும் யாரும் தோப்பைத் தாண்டி வரக்கூடாது என்று உத்தரவு. தமிழரசை வீட்டிலேயே உட்கார வைத்தாயிற்று. பையனுக்குப் பொய் சொல்ல வராது என்பது குடும்பத்துக்கே தெரிந்த பெரிய குறை.

எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. பாவாயிக்குத்தான் நாக்கு அரித்தது. “அண்ணன் பேரு மணிக்கூண்டுக் கல்லுலயே வெட்டி இருக்குதுங்க” என்று எடுத்துவிட்டாள். கைலாசம் காபி டம்ளரைக் கீழே வைத்தார். “அப்புடீங்களா? அதையுந்தான் ஒரெட்டு பாத்துப்போட்டு வந்தரலாமுங்களே. ஏ கண்ணு, நீயும் வா.”

பெருமையை வேண்டாம் என்று சொல்லிப் பழக்கம் இல்லாத மனுஷன் தங்கசாமி. “வாங்க, போலாமுங்க” என்று வாய் சொல்லிவிட்டது. கார் கடைவீதி தாண்டும்போதுதான் மூளை வந்து சேர்ந்தது.

“மேல ஏறலாமுங்களா மாமா?” என்றாள் சண்முகப்பிரியா.

“மேலயா? மேல ஒண்ணுமே இல்ல அம்மிணி. மணி ஒண்ணு தொங்கும். அவ்வளவுதான்.”

“சுத்துப்பட்டு ஊரெல்லாம் தெரியும்னு போட்டிருக்குதுங்களே.” நகராட்சிப் பலகையைக் காட்டினாள். ‘நான்கு திசையும் கண்டு களிப்பீர்!’ அந்த வாசகமும் தங்கசாமி எழுதிக் கொடுத்ததுதான்.

“படியெல்லாம் வழுக்குமுங்க.”

“மழையே இல்லீங்களே” என்றார் கைலாசம்.

“குளவி கூடு கட்டியிருக்குது சாமி. போன வாரம் ஒருத்தரைக் கொட்டி, மூஞ்சி இத்தத்தண்டி வீங்கிப் போச்சு.”

“ஐயையோ. யாரைங்க மாமா?”

தங்கசாமிக்குச் சட்டென்று ஒரு பெயரும் வரவில்லை. “ஒரு ஆடிட்டரை” என்றார். “அதுவுமில்லாம இன்னைக்கு ஞாயித்துக்கிழமை. சாவி இருக்காதுங்க.”

அப்போது சாவிக்கொத்துச் சத்தம் கேட்டது.

“தலைவருங்க! வாங்க, வாங்க, வாங்க!” மணிக்கூண்டுக் காவலாளி மாரியப்பன் டீக்கடையிலிருந்து ஓடி வந்தான். வருகிற வேகத்தில் சட்டைப் பித்தானைப் போட்டான், தொப்பியைத் தேடினான், கிடைக்காமல் கைக்குட்டையைத் தலையில் கட்டிக்கொண்டான். “சம்பந்தி ஊடுங்களா? சொல்லவேயில்லைங்க பாருங்க! குளவியா? போன மாசமே கலைச்சாச்சுங்க தலைவரே. நீங்கதானே ஆளு அனுப்புனீங்க?”

அந்த நேரத்தில் தங்கசாமி யாரைப் பார்க்கக் கூடாது என்று நினைத்தாரோ, அவன்தான் மாரியப்பன். ஏனென்றால் மேலே போகிறவர்களுக்கு மாரியப்பன் ஓர் உரை நிகழ்த்துவான். வடக்கில் ஆரம்பித்து மேற்கில் முடிகிற உரை. அதை எழுதி, மூன்று சாயங்காலம் எதிரில் நிற்க வைத்து, ஏற்ற இறக்கத்தோடு மனப்பாடம் செய்ய வைத்தவர் தங்கசாமி. வடக்கே ஏற்காட்டு மலை, கிழக்கே கொல்லிமலை, தெற்கே நாமக்கல் கோட்டை. அதற்கெல்லாம் திசைக்கு ஒரு வரி. மேற்குக்குத்தான் ஒரு பத்தி. மேற்கே திருச்செங்கோட்டு மலை, சங்ககிரிக் கோட்டை, இரண்டுக்கும் நடுவில் ‘பாரம்பரியத்தைக் காப்பதில் மட்டுமல்ல, பாரதத்துக்குப் புரதம் வழங்குவதிலும் முன்னணியில் நிற்கும் நம் தலைவர் தங்கசாமி அவர்களின் நாற்பதாயிரம் கோழிகள் கொண்ட நவீனப் பண்ணை.’ அந்த இடத்தில் மாரியப்பன் வலது கையை நீட்டி, ஒரு மூச்சு நிறுத்தி, பிறகு சொல்ல வேண்டும். நிறுத்தச் சொன்னதும் அவர்தான்.

மாரியப்பன் முன்னால் ஏறினான். அவனுக்குப் பின்னால் பெண், அவளுக்குப் பின்னால் கைலாசம். கடைசியாகத் தங்கசாமி, வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு. சுழல் படி இருட்டாக இருந்தது. புறா எச்சம் காலில் ஒட்டியது. படிக்குப் படி அவர் மனதுக்குள் ஒரு யோசனை பிறந்து அடுத்த படியில் செத்தது. மாரியப்பனைத் தனியாகக் கூப்பிட்டால்? கைலாசம் நடுவில் அடைத்துக்கொண்டிருக்கிறார். போன் பண்ணினால்? இருட்டில் பண்ணிப் பார்த்தார். மேலேயிருந்து மாரியப்பனின் போனில் ஓர் அம்மன் பாட்டு முழங்கியது.

“தலைவரே, நீங்கதானுங்க கூப்புடறீங்க!” என்று மாரியப்பன் படிக்கட்டு அதிரக் கத்தினான். “என்னுங்க வேணும்?”

“ஒண்ணுமில்லப்பா. கை பட்டுருச்சு.”

“பயப்படாதீங்க தலைவரே! எல்லாம் சரியாச் சொல்லிப் போடறேன்!”

மேல் தளத்துக்கு வந்தார்கள். நான்கு பக்கமும் வளைவுகள், இடுப்பு உயரத்துக்குக் கம்பி. நடுவில் மணி. வெள்ளைக்காரன் காலத்தில் ஒரு சப்-கலெக்டர் கப்பலில் வரவழைத்ததாம். பத்துப் பன்னிரண்டு வருடமாக அதை யாரும் அடிப்பதில்லை. ‘அதிர்வுகளால் புராதனச் சின்னத்துக்குச் சேதம் ஏற்படாதிருக்க’ என்று நகராட்சித் தீர்மானத்தில் இருக்கிறது. தீர்மானத்துக்கு மனு கொடுத்தது பாதுகாப்புக் குழு. முட்டைக்கோழி திடீர்ச் சத்தம் கேட்டால் மிரண்டு ஒன்றன்மேல் ஒன்று விழும், இரண்டு மூன்று நாளைக்கு முட்டை குறையும் என்பது நாமக்கல் பக்கத்தில் பால்குடிக் குழந்தைக்கும் தெரியும். அதற்காக ஒரு மணிக்கூண்டின் வாயையே கட்டிப் போட்டவர் தங்கசாமி ஒருவர்தான். இப்போது நேரத்தை ஒலிபெருக்கி சொல்கிறது. அதன் சத்தத்தையும் மேற்குப் பக்கம் மட்டும் குறைத்து வைத்திருந்தார்கள்.

தங்கசாமி நேராக மேற்கு வளைவுக்குப் போய்க் கம்பியில் முதுகைச் சாய்த்து, இரண்டு கையையும் அகல விரித்து நின்றுகொண்டார். நல்ல ஆகிருதி. வளைவில் முக்கால்வாசி அடைபட்டது. அவர் தோளுக்கு மேலே சங்ககிரி தெரிந்தது. அக்குளுக்குக் கீழே பார்த்தால் மட்டும் தகரக் கூரைகள் வெயிலில் பளபளத்தன.

“காத்து நல்லா வருதுங்க இங்க” என்றார்.

வந்தது. அவர் முதுகைத் தடவிக்கொண்டு, காதோரம் புகுந்து, வந்தது. அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு மற்றவர்கள் மூக்கைப் பார்த்தார். கைலாசம் மூக்கைச் சொறிந்தார். அது வேறு காரணமாகவும் இருக்கலாம்.

மாரியப்பன் தொண்டையைச் செருமினான். “விருந்தினப் பெருமக்களே! வடக்கே காண்பது சேர்வராயன் மலை. அதன் சிகரத்தில் குளிர்ச்சிக்குப் பேர்போன ஏற்காடு.”

தங்கசாமி கண்ணைக் காட்டினார். மாரியப்பன் தலையாட்டினான்.

“கிழக்கே, மூலிகை மணக்கும் கொல்லிமலை.”

தங்கசாமி புருவத்தை உயர்த்தினார், உதட்டைக் கடித்தார், தலையை வேண்டாம் வேண்டாம் என்று இரண்டு பக்கமும் அசைத்தார். மாரியப்பனுக்குப் புரிந்துவிட்டது. அவசரப்படாதே, மேற்கை நன்றாக நிறுத்திச் சொல் என்கிறார் தலைவர். அவன் கண்ணாலேயே சத்தியம் செய்தான்.

“தெற்கே, ஒரே கல்லாய் எழுந்து நிற்கும் நாமக்கல் கோட்டை. வானம் தெளிவாயிருந்தா தெரியும். இன்னைக்கு இல்லீங்க.”

“மாரியப்பா, போதும்பா. அவிங்களுக்கு நேரமாச்சு” என்றார் தங்கசாமி.

“இருக்கட்டுமுங்க, நல்லாத்தானே சொல்றாரு” என்றார் கைலாசம். தறிச் சத்தத்திலேயே வாழ்ந்தவருக்கு ஒரு மனிதக் குரலை முழுசாகக் கேட்பது சுகமாக இருந்தது போலிருக்கிறது.

“நம்ம தலைவரு இப்படித்தானுங்க, தன்னடக்கம்!” மாரியப்பன் இரண்டடி முன்னால் வந்தான். “கடைசியாக, மேற்கே! அர்த்தநாரீசுவரர் அருளும் திருச்செங்கோட்டு மலை. அதற்கப்பால் சங்ககிரிக் கோட்டை. இவ்விரண்டுக்கும் நடுவே…”

வலது கை நீண்டது. தங்கசாமியின் அக்குளைக் குறிபார்த்து நின்றது. மூச்சு நின்றது.

அந்த ஒரு மூச்சு நேரத்தில் தங்கசாமிக்குத் தமிழரசின் முகம் தெரிந்தது. தாலி கட்டாத முகம், நாற்பது வயதில், ஐம்பது வயதில், முட்டை அட்டைகளுக்கு நடுவில். வேறொன்றும் தோன்றவில்லை. மணியிலிருந்து வளைவோரம் இழுத்துக் கட்டியிருந்த கயிறு தலைக்கு மேலே தொங்கியது. இரண்டு கையாலும் பிடித்து இழுத்தார்.

டாங்ங்ங் என்று கருங்கல்புதூர் மணி பத்துப் பன்னிரண்டு வருடத்து மௌனத்தையும் சேர்த்துப் பேசியது. புறாக்கள் கொத்தாகக் கிளம்பின. கைலாசம் காதைப் பொத்திக்கொண்டு குந்திவிட்டார். மாரியப்பனின் வாய் அசைந்தது, ‘பாரதத்துக்குப் புரதம்’ என்பது உதட்டில் தெரிந்தது, சத்தம் கேட்கவில்லை. அது போதும் என்று தங்கசாமி இன்னொரு தடவை இழுத்தார். கீழே கடைவீதியில் ஜனங்கள் நின்று அண்ணாந்து பார்த்தார்கள். ஒருத்தர் பஸ்ஸிலிருந்து இறங்கிக் கும்பிட்டார்.

மணியின் அதிர்வு மெல்ல மெல்ல அடங்கியது. தங்கசாமி கயிற்றை விட்டுவிட்டு மறுபடியும் கைகளை விரித்துக்கொண்டார். ஜெயித்துவிட்டோம் என்று நினைத்து ஒரு மூச்சு விட்டார். பாதி மூச்சில்தான் அவருக்கு ஞாபகம் வந்தது.

கொட்டகையில் இப்போது இருக்கிற கோழிகளுக்கு இந்த மணி தெரியாது. அதுகளின் தாய்க்கும் தெரியாது, தாயின் தாய்க்கும் தெரியாது.

மேற்கிலிருந்து பதில் வந்தது.

முதலில் மழை வருகிற மாதிரி ஓர் இரைச்சல். அப்புறம் அது பிரிந்து, கொக்கொக் கொக்கரக் என்று நாற்பதாயிரம் தொண்டையாக ஆயிற்று. காற்று அதை அப்படியே அள்ளிக்கொண்டு வந்து மணிக்கூண்டின் உச்சியில் கொட்டியது. சத்தத்துக்குப் பின்னாலேயே, மிரண்டு சிறகடித்ததில் கிளம்பின புழுதியும் வாசமும் வந்தன. சாம்பிராணிக்கு எட்டாத உயரம் அது.

கைலாசம் எழுந்து வேட்டியைத் தட்டினார். “அது என்னுங்க சத்தம்?”

“மயிலுங்க” என்றார் தங்கசாமி.

“மயிலா?”

“இந்தப் பக்கம் மயிலு நெம்ப சாஸ்தி ஆயிப்போச்சுங்க.”

“தலைவரே!” மாரியப்பனுக்கு மனசு பொறுக்கவில்லை. தலைவரின் சொத்தைத் தலைவரே விட்டுக்கொடுக்கிறாரே. “மயிலு எங்கீங்க வந்துச்சு? நம்ம கோழிதானுங்க! நாப்பதாயிரமும் நம்ம கோழிதானுங்க! அந்த நாலு கொட்டாயும் தலைவரோடதுதானுங்க, நவீனப் பண்ணை!” பாதியில் நின்ற கையை மறுபடி நீட்டி, விட்ட இடத்திலிருந்து முழுப் பத்தியையும் சொல்லி முடித்தான். சொல்லி முடித்துக் கும்பிட்டான்.

கைலாசம் கும்பிடவில்லை. “கோழிப்பண்ணை இல்லைன்னுதானுங்களே பாவாயி சொல்லுச்சு?”

“பண்ணைன்னு சொல்ற அளவுக்கு இல்லீங்க…” தங்கசாமியின் விரித்த கைகள் தாமாகவே கீழே இறங்கின. வளைவு திறந்தது. நான்கு தகரக் கூரைகளும் கூச்சமில்லாமல் மின்னின. “ஒரு நாலு கொட்டாய். தோப்புக்கு எரு வேணுமேன்னு…”

“தோப்புக்கு எரு வேணும்னா நாப்பதாயிரங்களா?”



“அப்பா, விடுங்க” என்றாள் சண்முகப்பிரியா. இவ்வளவு நேரமும் அவள் மேற்கைப் பார்க்கவே இல்லை என்பது அப்போதுதான் தங்கசாமிக்கு உறைத்தது. அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். “எனக்குக் காலையில கார்ல இருந்து எறங்கும்போதே தெரியுமுங்க.”

“எப்படிச் சாமி?”

“நீங்க கும்பிட்டுட்டு முன்னால திரும்பி நடந்தீங்கல்லங்க மாமா. காலருக்குப் பின்னால இறகு ஒட்டியிருந்துச்சு. வெள்ளை இறகு.”

தங்கசாமியின் கை காலருக்குப் போகப் பார்த்தது. பெண் பார்க்கிறாள் என்று பாதியில் நின்றது.

“தெரிஞ்சும் அப்பறம் எதுக்கு அம்மிணி மேல ஏறி வந்தே?”

“நீங்க எந்தப் படியில சொல்லுவீங்கன்னு பாக்கத்தானுங்க” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. மரியாதையாகத்தான் சொன்னாள். அதுதான் தாங்க முடியவில்லை.

 இறங்கும்போது மாரியப்பன், மணி அடித்ததற்கு நகராட்சியில் கேட்டால் என்ன சொல்வது என்று கேட்டான். “ஆடிட்டர் அடிச்சாருன்னு சொல்லிப் போடறேனுங்க” என்று அவனே முடிவும் செய்தான்.

வீட்டுக்குத் திரும்பியதும் மத்தியானச் சாப்பாட்டுக்கு இருக்கச் சொல்லி யாரும் வற்புறுத்தவில்லை. “போயிட்டு வாரோமுங்க” என்றார் கைலாசம். கார் ஏறும்போது சண்முகப்பிரியா தமிழரசிடம் என்னவோ கேட்டாள். அவன் தோப்புப் பக்கம் கையைக் காட்டி என்னவோ சொன்னான். இரண்டு பேரும் சிரித்தார்கள். தங்கசாமி அதை நம்பலாமா என்று தெரியாமல் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

சாயங்காலம் வரை போனைக் கையை விட்டுக் கீழே வைக்கவில்லை. பண்ணையிலிருந்து ஆள் வந்து, மூலையில் மோதிச் செத்தது இவ்வளவு, நாளைக்கு முட்டை என்னாகும் தெரியாது என்றான். “போடா அக்கட்டால” என்றார். முட்டையைப் பற்றிக் கவலைப்படாமல் அவர் ஒரு மாலையைக் கழித்தது அதுவே முதல் தடவை.

விளக்கு வைக்கிற நேரத்தில் பாவாயி கூப்பிட்டாள்.

“அண்ணா, பேசிட்டாங்க. பொண்ணுக்குப் பையனைப் புடிச்சிருக்குதாமா. மத்தியானமே போன்ல ரண்டு பேரும் நெம்ப நேரம் பேசிக்கிட்டாங்களாமா.”

“அப்ப கோழி?”

“கோழியா? கோழி வேண்டாங்கறதெல்லாம் இந்தப் பக்கத்துப் பொண்ணுங்க வழக்கமாச் சொல்றதுதானுங்கண்ணா. கோழி ஒண்ணும் பரவால்லையாமா. பையன் எல்லாத்தையும் நெசமாச் சொல்லிட்டானாமா.”

“அப்பறம் என்ன? ஆடிக்கு முன்னால வெத்தலை மாத்திக்கலாமல்ல?”

பாவாயி குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“அதுதானுங்கண்ணா. உங்களைத்தான் யோசிக்கறாங்களாமா.”

தங்கசாமி போனை வைத்தார். உள்ளே போய்ச் சட்டையைக் கழற்றினார். காலருக்குப் பின்னால் இறகு அப்படியே இருந்தது. ஒன்று இல்லை, இரண்டு.